வெளி மார்க்கெட் கிளட்ச் செட் போட்டு 4,000 கிமீ ஓட்டியாச்சு: கிட் நல்ல கிட் தான், ஆனா கியர்பாக்ஸை ரெண்டு தடவை இறக்கினோம்

மாட்டின மறுநாளே ஒரு ஸ்டார் போட்டு திட்டி எழுதி வச்சிருந்தேன், நல்லவேளை போஸ்ட் பண்ணல. ஏன்னா அன்னைக்கு நான் கிட் மேல போட்ட பழி பாதிக்கு மேல தப்பு. அதனால முழுக்கதையும் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா புது கிளட்ச் போட்டதுக்கு அப்புறம் "கியரே விழ மாட்டேங்குது"ன்னு யாராவது தலையை பிடிச்சுட்டு உக்காந்திருந்தா அவங்களுக்கு உதவும்.

வண்டி ஒரு சின்ன ஹேட்ச்பேக், முன் சக்கர டிரைவ், ஹைட்ராலிக் கிளட்ச் (பெடலை அமுக்கினா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை தள்ளும், அந்த ஆயில் கீழ ஸ்லேவ் சிலிண்டரை தள்ளி கிளட்சை விட வைக்கும்), ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியில போல்ட் பண்ணி இருக்கிற டைப். பழைய கிளட்ச் 1,10,000 கிமீ ஓடி, மேடு ஏறும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறும் வண்டி ஏறாதுங்கிற நிலைக்கு வந்துடுச்சு. கம்பெனி செட்டுக்கு பதிலா வெளி மார்க்கெட் செட் வாங்கினேன். பெட்டிக்குள்ள கிளட்ச் டிஸ்க் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல உக்கார்ற உராய்வு தட்டு), அதை பிளைவீல் மேல, அதாவது இன்ஜினோட சுத்துற கனமான சக்கரத்து மேல, அழுத்தி பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடல் அமுக்கும்போது அந்த பிடியை தளர்த்துற ரிலீஸ் பேரிங், சென்டர் பண்றதுக்கு ஒரு பிளாஸ்டிக் டூல், ஒரு குட்டி கிரீஸ் பாக்கெட், இவ்வளவு தான். இன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒரு துண்டு பேப்பர், அதுல படம் ரெண்டு, எழுத்து நாலு வரி. இந்த கிட்டுக்கு நான் மார்க் குறைக்கிற முதல் இடம் இந்த பேப்பர் தான், காரணம் போகப்போக தெரியும்.

பொருளோட தரம்னு பார்த்தா குறை சொல்ல ஒண்ணும் இல்ல. பழைய டிஸ்க்கையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தோம், வெளி விட்டம் ஒண்ணு, ஸ்ப்லைன் பல்லு (ஷாஃப்ட்ல மாட்டுற நடு ஓட்டையில இருக்கிற பல்லு) எண்ணிக்கை ஒண்ணு, நடு ஹப் எந்த பக்கம் எவ்வளவு நீட்டிட்டு இருக்குங்கிறதும் ஒண்ணு. பேரிங் உயரமும் அதே தான். இதை மாட்டுறதுக்கு முன்னாடி கண்டிப்பா பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் ஆகாது, ஒரே மாடல் வண்டிக்கே வருஷத்தை பொறுத்து ரெண்டு சைஸ் கிளட்ச் வர்றது உண்டு. பிரஷர் பிளேட் மேல துரு பிடிக்காம இருக்க எண்ணெய் தடவி அனுப்புவாங்க, அதை பிரேக் கிளீனர் போட்டு துடைக்கணும், இதை அந்த துண்டு பேப்பர்ல போடவே இல்ல. துடைக்காம மாட்டினா அந்த எண்ணெய் டிஸ்க் மேல ஏறி, பிடிக்கும்போது உதறும்.

வேலை பண்ணினது எனக்கு ரொம்ப நாளா பழக்கமான மெக்கானிக் அண்ணன், நான் கூட நின்னு எடுத்துக் குடுத்தேன். சாயங்காலம் எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணி, பெடலை அமுக்கி ரிவர்ஸ் போட்டா கர்ர்ர்னு ஒரு சத்தம், வயித்தை கலக்குச்சு. ஃபர்ஸ்ட் கியர் கஷ்டப்பட்டு விழுது, விழுந்ததும் பிரேக்ல கால் இருந்தும் வண்டி லேசா முன்னாடி இழுக்குது. பெடல் தரையில இருந்து ஒரு விரக்கடை தூக்கினதுமே கிளட்ச் பிடிச்சுடுது.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன். "கிளட்ச் ப்ராப்ளம்"னு மொத்தமா சொன்னா யாராலயும் உதவ முடியாது. கிளட்ச் பிடிக்கலையா, விடலையா, இல்ல பிடிக்கும்போது உதறுதா, இது மூணும் தனித்தனி நோய். பிடிக்கலைன்னா ஆக்சிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்தும். விடலைன்னா கியர் விழாது, ரிவர்ஸ் கத்தும். என் வண்டிக்கு இருந்தது விடாத வியாதி. அதுக்கு சுலபமான டெஸ்ட், வண்டி நியூட்ரல்ல ஐடிலிங்ல நிக்கும்போது பெடலை முழுசா அமுக்கி பத்து எண்ணுங்க, அப்புறம் ரிவர்ஸ் போடுங்க. நிறைய கியர்பாக்ஸ்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும்போது சுத்துற வேகத்தை ஒண்ணாக்கி விடுற அமைப்பு) கிடையாது, அதனால அது பொய் சொல்லாது. கிளட்ச் ஒழுங்கா விட்டிருந்தா அந்த பத்து எண்ணுறதுக்குள்ள உள்ள ஷாஃப்ட் சுத்துறது நின்னு கியர் சத்தமில்லாம விழும். பத்து எண்ணியும் கத்துச்சுன்னா டிஸ்க் இன்னும் இன்ஜின் கூட ஒட்டிக்கிட்டு சுத்துதுன்னு அர்த்தம். எனக்கு இருபது எண்ணியும் கத்துச்சு.

அப்ப நாங்க பண்ணின முதல் தப்பு. பெடலுக்கு மேல மாஸ்டர் சிலிண்டருக்குள்ள போற புஷ்ராடை நட்டு லூஸ் பண்ணி நீளமாக்கினோம். உடனே பிடிக்கிற இடம் மேல வந்துச்சு, ரிவர்ஸ் சத்தமும் கொஞ்சம் குறைஞ்சுது, ஆகா சரியாயிடுச்சுன்னு நினைச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில ஒரு அரைமணி நேரம் ஓட்டினதும் நாலாவது கியர்ல ஆக்சிலேட்டர் அமுக்கினா ஆர்பிஎம் எகிறுது, ஸ்பீடு ஏறல, கருகின வாசம். ஒரு நாள் ஓடின புது கிளட்ச் ஸ்லிப் ஆகுது! அப்ப தான் நான் அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூ எழுதினது.

ஆனா அது கிளட்சோட தப்பே இல்ல. மாஸ்டர் சிலிண்டர் உள்ள, பெடல் முழுசா மேல வந்து நிக்கும்போது பிஸ்டன் பின்னாடி போய் ஒரு சின்ன ஓட்டையை திறந்து விடணும், அது வழியா ஆயில் மேல இருக்கிற டேங்குக்கு போய் வரும். ராடை ரொம்ப நீளமாக்கிட்டா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஓட்டை மூடியே இருக்கும். இன்ஜின் சூட்டுல லைன்ல இருக்கிற ஆயில் விரியும், விரிஞ்சது போக வழி இல்லாம ஸ்லேவை தள்ளும், யாரோ பெடல் மேல லேசா கால் வச்சிருக்கிற மாதிரி ஆயிடும். அதனால தான் காலையில குளிர்ல நல்லா இருந்துட்டு சூடானதும் ஸ்லிப் ஆகுது. உங்களுக்கு இந்த சந்தேகம் இருந்தா, ஸ்லிப் ஆகிட்டு இருக்கிற நேரத்துலயே ஓரமா நிறுத்தி ஸ்லேவ்ல இருக்கிற பிளீடர் நட்டை (லைன்ல இருக்கிற காத்தை வெளிய விடுற குட்டி நட்டு) லேசா திறந்து பாருங்க, ஆயில் பீச்சி அடிச்சு அதோட ஸ்லிப் நின்னுச்சுன்னா சந்தேகமே வேண்டாம். பெடல் மேல கொஞ்சூண்டு வெட்டி ஆட்டம் இருக்கணும், அந்த ராடு பிஸ்டனை தொடுறதுக்கு முன்னாடி விரலால அமுக்கினா லேசா ஆடணும். எவ்வளவுங்கிறது உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், அந்த கணக்கை தாண்டாதீங்க. ராடை வச்சு வேற வியாதியை மறைக்க பார்க்காதீங்க, நாங்க அதை தான் பண்ணோம்.

ராடை பழைய இடத்துக்கே கொண்டு வந்தோம், ஸ்லிப் போச்சு, ரிவர்ஸ் சத்தம் திரும்ப வந்துச்சு. சரி, அடுத்தது ஏர். பெடலை படபடன்னு நாலஞ்சு தடவை அடிச்சுட்டு உடனே கியர் போட்டு பார்த்தோம், முன்னைக்கு இப்ப நல்லா விழுது. அடிச்சா சரியாகுதுன்னா லைன்ல காத்து இருக்கு, இல்ல மாஸ்டர் சீல் போயிடுச்சு, ரெண்டுல ஒண்ணு. எங்களுக்கு காத்து.

காத்து எடுக்கிறது லேசுன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒருத்தர் பெடல் அமுக்க ஒருத்தர் நட்டு திறக்கன்னு ஒரு மணி நேரம் பண்ணோம், வர்ற ஆயில்ல குமிழே இல்ல, ஆனாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு. அப்புறம் தான் அண்ணன் கீழ படுத்து பார்த்துட்டு சொன்னாரு, "தம்பி, பிளீடர் கீழ பார்த்து இருக்கு, காத்து மேல மூலையில உக்காந்திருக்கு, எப்படி வரும்?" ஸ்லேவ் மாட்டியிருக்கிற கோணம் அப்படி. அதை ரெண்டு போல்ட் கழட்டி, லைனை கழட்டாம கையில பிடிச்சு, பிளீடர் மேல பார்க்கிற மாதிரி திருப்பி, பிஸ்டனை மெதுவா உள்ள அமுக்கி, அமுக்கினபடியே கட்டி வச்சு பிளீட் பண்ணோம். நாலே அமுக்குல டொப்பு டொப்புன்னு பெரிய பெரிய குமிழ் வந்துச்சு. கட்டாம பெடலை அமுக்கினா பிஸ்டன் வெளிய பறந்துடும், ஜாக்கிரதை. ஆயில் மேனுவல்ல சொன்னதை மட்டும் ஊத்துங்க, பெரும்பாலும் டாட் 3 இல்ல டாட் 4 இருக்கும். டாட் 5 சிலிகான் ஆயில், இதுங்க கூட கலக்கவே கூடாது. 5.1 வேற, 5 வேற, நம்பர் பார்த்து குழம்பிடாதீங்க. பெயிண்ட் மேல பட்டா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, பெயிண்ட்டை தின்னுடும்.

பெடல் இப்ப கல்லு மாதிரி, பிடிக்கிற இடமும் நடுவுக்கு வந்துடுச்சு. ஆனா ரிவர்ஸ் பத்து எண்ணினாலும் இன்னும் கத்துது. முன்ன அளவுக்கு இல்ல, ஆனா கத்துது.

நிறைய பேர் இங்க தான் "ஓட ஓட சரியாயிடும்"னு விட்டுடுவாங்க. புது டிஸ்க் செட்டாக டைம் எடுக்கும்ங்கிறது உண்மை தான், ஆனா அது பிடிக்கிற வேலைக்கு, விடுற வேலைக்கு கிடையாது. புது கிளட்ச் முதல் நாள்ல இருந்தே முழுசா விடணும். அந்த அண்ணனும் முதல்ல ஓட்டி பாருன்னு தான் சொன்னாரு, நான் தான் கேக்கல.

கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி வெளியில இருந்தே அளந்து பார்த்தோம். ஒருத்தர் பெடலை அமுக்க, ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வச்சு பார்த்தேன், 14 மிமீ. அதே வண்டி அண்ணன்கிட்ட இன்னொண்ணு சர்வீஸுக்கு வந்திருந்துச்சு, அதுலயும் அளந்தோம், அதே 14. அப்ப பெடல்ல இருந்து ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கை தள்ளுற நெம்புகோல்) வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு உள்ள. இந்த ஒரு அளவு தான் எங்களை காப்பாத்துச்சு, இல்லைன்னா மாஸ்டர் மாத்து, ஸ்லேவ் மாத்துன்னு தேவையில்லாம ஒவ்வொண்ணா மாத்திட்டே இருந்திருப்போம். அளவு குறைவா வந்திருந்தா மட்டும் தான் காத்து, மாஸ்டர், உப்பிப்போன ரப்பர் ஹோஸ் பக்கம் போகணும்.

இன்னொரு டெஸ்டும் பண்ணோம். இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக் போட்டு பின் சக்கரத்துக்கு கட்டை குடுத்து, முன்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட் வச்சு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஒருத்தர் கிளட்சை அமுக்கிட்டு இருக்க நான் தூக்கின சக்கரத்தை கையால சுத்தினேன். சுத்துது, ஆனா எதையோ உரசிட்டு சுத்துற மாதிரி கனம். நியூட்ரல்ல போட்டு சுத்தினா லேசா போகுது. ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டு இதை பண்ணாதீங்க, டிஃபரன்ஷியல் ஒரு பக்கம் சுத்தினா மறுபக்கத்தை எதிர்ல சுத்தி விட்டுடும், ஒண்ணும் புரியாது.

இறக்கினோம். பிரஷர் பிளேட்டை கழட்டி டிஸ்க்கை எடுத்து, அதை கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மேலயே மாட்டி ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை ஓரத்துல நிலையா வச்சு டிஸ்க்கை சுத்தினேன். ஒரு பக்கம் முனையை உரசுது, எதிர் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி. டிஸ்க் வளைஞ்சிருக்கு! பொதுவா மேனுவல்ல இந்த ஆட்டம் 1 மிமீக்குள்ள இருக்கணும்னு தான் போட்டிருப்பாங்க. ஏன் இவ்வளவு கறார்னா, நாம பெடலை முழுசா அமுக்கும்போது பிரஷர் பிளேட் விலகுற தூரமே மொத்தம் ஒன்றரை மிமீ சுத்துவட்டாரம் தான், ரெண்டு பக்கத்துக்கும் பிரிச்சா ஒரு பக்கம் முக்கால் மிமீ தான் வரும். அந்த சந்துல 2 மிமீ வளைஞ்ச டிஸ்க் எங்கயாவது ஒரு பக்கம் உரசிட்டே தான் இருக்கும்.

அப்ப கிட்லயே டிஸ்க் வளைஞ்சு வந்துச்சான்னு கேட்டா, இல்லைன்னு தான் நான் நம்புறேன். முதல் தடவை கியர்பாக்ஸை ஏத்தும்போது ஷாஃப்ட் மூக்கு டிஸ்க் ஹப்புக்குள்ள போயிடுச்சு, ஆனா கடைசி ரெண்டு இஞ்ச் போக மாட்டேங்குது, ஜாக்கி சறுக்கி, கியர்பாக்ஸ் மொத்த கனமும் கொஞ்ச நேரம் அந்த ஹப்புல தொங்குச்சு. அப்புறம் போல்ட் போட்டு இறுக்கி இழுத்துக்கிட்டோம். நான் அங்க தான் நின்னுட்டு இருந்தேன், என் கண்ணால பார்த்தேன், அது தப்புன்னு அப்ப எனக்கு தெரியல. இந்த ரெண்டு காரியமும் டிஸ்க்கை வளைக்கும். கியர்பாக்ஸை கையால தள்ளினா பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் முன்னாடி மணி மாதிரி இருக்கிற கூடு) இன்ஜினோட போய் முட்டணும், முட்டாம இடைவெளி இருக்கும்போது போல்ட்டால இழுக்கவே கூடாது. இதை ஒரு வரி, தடிச்ச எழுத்துல, அந்த துண்டு பேப்பர்ல போட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? அது தான் என் கோபம்.

கிட் வித்தவங்ககிட்ட டிஸ்க் மட்டும் தனியா கேட்டேன். வாரண்டியில வராது, மாட்டும்போது ஆன சேதம்னு நேரா சொல்லிட்டாங்க, அது நியாயம் தான். ஆனா முழு செட் வாங்க சொல்லாம அதே டிஸ்க்கை தனியா குடுத்தாங்க, நாலு நாள்ல வந்துச்சு. இதுக்கு நான் நல்ல மார்க் குடுப்பேன், சில பேர் செட்டா தான் விப்போம்னு பிடிவாதம் பிடிப்பாங்க.

ரெண்டாவது தடவை நிதானமா பண்ணோம். புது டிஸ்க்கை மாட்டுறதுக்கு முன்னாடியே ஷாஃப்ட்ல போட்டு சுத்தி பார்த்தோம், நேரா இருக்கு. ஸ்ப்லைன்ல டிஸ்க் கையால தள்ளினா வழுக்கிட்டு போகணும், எங்களுக்கு ஒரு இடத்துல துருவால லேசா மாட்டுச்சு, ஒயர் பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி கிரீஸை விரல்ல தொட்டு மெல்லிசா தடவி மிச்சத்தை துடைச்சுட்டோம். பாக்கெட்ல இருக்கேன்னு மொத்தத்தையும் அப்பாதீங்க, சுத்துற வேகத்துல தெறிச்சு டிஸ்க் மேல போகும். பிளைவீல் பக்கம்னு டிஸ்க்ல அச்சடிச்சிருக்கும், அது பிளைவீல் பக்கம் தான் இருக்கணும், திருப்பி போட்டாலும் இதே மாதிரி கிளட்ச் விடாது. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி ஒவ்வொரு சுத்தா இறுக்கி, கடைசியா டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குற ஸ்பேனர்). ஒரே பக்கமா இறுக்கினா பிரஷர் பிளேட்டோட கவர் கோணிக்கும். கியர்பாக்ஸ் ஏத்துறதுக்கு அண்ணன் ரெண்டு நீள போல்ட்டோட தலையை வெட்டிட்டு இன்ஜின் பிளாக்ல திருகி வச்சாரு, கியர்பாக்ஸ் அது மேல ரயில் மாதிரி நேரா சறுக்கி போய் டொக்குன்னு உக்காந்துச்சு. முதல் தடவையே இதை பண்ணியிருக்கலாம்னு அவரே வருத்தப்பட்டாரு.

ஸ்டார்ட் பண்ணி, பெடல் அமுக்கி, மூணு எண்ணி ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்ல. அந்த நிமிஷம் எவ்வளவு நிம்மதின்னு இந்த கஷ்டம் பட்டவங்களுக்கு தெரியும்.

ஒரு விஷயம், பிளைவீலை லேத்துல குடுத்து மழிச்சவங்க வேற ஒரு பக்கமும் பார்க்கணும். சில பிளைவீல்ல டிஸ்க் உக்கார்ற முகமும் கவர் உக்கார்ற முகமும் ஒரே மட்டத்துல இருக்காது, நடுவுல ஒரு படி இருக்கும். ஒண்ணை மட்டும் வெட்டிட்டு மத்ததை விட்டா அந்த படி அளவு மாறிடும், எந்த பக்கம் மாறுதோ அதை பொறுத்து கிளட்ச் பிடிக்காம போகும், இல்ல விடாம போகும். எங்களுது தட்டையான பிளைவீல், மேல லேசா எமரி போட்டதோட சரி. ஸ்லேவும் பேரிங்கும் ஒண்ணா கியர்பாக்ஸ் உள்ளயே இருக்கிற வண்டின்னா மாட்டுறதுக்கு முன்னாடி கையால அமுக்கி விளையாடாதீங்க, சீல் போயிடும், அதுக்கு திரும்ப கியர்பாக்ஸ் இறக்கணும். பழைய டிஸ்க் தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய காலத்து டிஸ்க்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, ஈரத்துணியால துடைங்க.

இப்ப ஓட்டுற அனுபவம். முதல் 800 கிமீ டவுனுக்குள்ளயே பொறுமையா ஓட்டினேன், ஆர்பிஎம் ஏத்தி விடுறது, மேட்டுல கிளட்ச்சாலயே நிறுத்தி வைக்கிறது எதுவும் கிடையாது. ஆரம்பத்துல காலையில முதல் தடவை எடுக்கும்போது லேசா உதறல் இருந்துச்சு, 500 தாண்டினதும் தானா போயிடுச்சு. கம்பெனி கிளட்ச்சோட பார்த்தா பெடல் கொஞ்சம் கனம், ஒரு வாரத்துல கால் பழகிடும். பிடிக்கிறது தான் வித்தியாசம், பழசு மெதுவா வழுக்கிட்டு பிடிக்கும், இது சட்டுன்னு பிடிக்குது. டிஸ்க்ல ரெண்டு லைனிங்குக்கு நடுவுல அலை அலையா ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும், அது அமுங்குற நேரம் தான் நமக்கு கிடைக்கிற அந்த மெதுவான பிடி. இந்த டிஸ்க்ல அந்த தகடு கொஞ்சம் விறைப்பா இருக்கிற மாதிரி படுது. டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது காலை நிதானமா விடலைன்னா குதிக்கும். அதிகமா டிராஃபிக்ல ஓட்டுறவங்க, புதுசா ஓட்ட கத்துக்கிறவங்க வீட்டுல இருந்தா கம்பெனி செட்டே வாங்கிக்கோங்கன்னு தான் சொல்லுவேன். லோடு ஏத்துறவங்க, மேடு ஏறுறவங்களுக்கு இது அருமை, அஞ்சு பேரோட மேட்டுல போனப்ப ஒரு துளி ஸ்லிப் இல்ல.

பொருளுக்கு நாலரை, அந்த துண்டு பேப்பருக்கு ஒண்ணு, மொத்தமா நாலு ஸ்டார். போன வாரத்துல இருந்து பெடல்ல கால் வச்சா ரிலீஸ் பேரிங் பக்கம் லேசா ஒரு உஸ்ஸுன்னு சத்தம் கேக்குது, காலை எடுத்தா போயிடுது. பெரிசாகுதான்னு பார்த்துட்டு இருக்கேன், ஆச்சுன்னா இங்கயே வந்து ஸ்டாரை குறைச்சுட்டு போறேன்.